24 பாட்டும் 19 லட்சம் டாலரும்

இயர் எண்டிங் முடிந்து, ஆடிட்டர்களும் ஊர் போய்ச் சேர்ந்து, இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. நாக்பூரில் ஏப்ரல் மதியம் வெளியே தலைகாட்ட முடியாது. கூலரைப் போட்டுக்கொண்டு பழைய அட்டைப்பெட்டிகளைக் கிளறினேன். மூன்று டிரான்ஸ்பரில் பிரிக்காமலே கூட வந்த பெட்டி ஒன்றில் பழைய ஹார்டு டிஸ்க் கிடந்தது. பொண்ணு அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். உயிர் இருந்தது. உள்ளே எம்பி3 பாட்டு மட்டும் 2,300.

"இவ்வளவையும் காசு கொடுத்தா வாங்கினீங்க?"

இல்லை என்றேன்.

"அப்ப திருட்டாப்பா?"

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கேட்டதோடு மறந்துவிட்டு போனை நோண்டப் போய்விட்டாள். எனக்குத்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 2011ல் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போன் ஞாபகம் வந்தது.

பி.காம்.ல் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அப்புறம் எம்.சி.ஏ. முடித்து, அப்போது ஜெர்மனியில் வேலை. "மாப்ள, ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்குடா. எங்க கனெக்‌ஷன்ல ஏதோ இங்கிலீஷ் ஆல்பத்தை டோரண்ட்ல இறக்குனாங்களாம். எழுநூறு யூரோ சொச்சம் கட்டணுமாம். இனிமே செய்ய மாட்டேன்னு கையெழுத்தும் போடணுமாம். நீதான பேங்குல நோட்டீஸ் அனுப்புறவன், சொல்லு. கட்டணுமா, வேண்டாமா?"

"நீ இறக்குனியா?"

"இல்லடா. வீட்ல மூணு பேர் இருந்தோம். கனெக்‌ஷன் என் பேர்ல."

அங்கே இந்த மாதிரிக் கடிதத்துக்கு 'அப்மானுங்' என்று பேர். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஜெர்மனியை விட அமெரிக்காவில் இதற்கு முன்னால் நடந்த கூத்துதான் பெரிய கதை என்று தெரிந்தது. நண்பனுக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் கதை.

*

அதற்கும் முன்னால் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் சென்டருக்குப் போவோம். நோட்டுப் பேப்பரில் பாட்டு வரிசை எழுதி, 60 அல்லது 90 காலி கேசட்டோடு கொடுத்தால் நாலு நாளில் பதிந்து கொடுப்பார் அண்ணாச்சி. ஏ பக்கம் சோகம், பி பக்கம் குத்து. காலேஜ் போனபோது எம்பி3 சிடி வந்தது. ஒரே தட்டில் 150 பாட்டு. கேசட்டோ சிடியோ, இதில் பாட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் ஒரு பைசா போகவில்லை. இந்தியாவில் 1957லேயே பதிப்புரிமைச் சட்டம் உண்டு. 1984ல் தண்டனையையும் கடுமையாக்கினார்கள். ஆனால் கடைக்கு போர்டு இருந்தது, சீரியல் பல்பு எரிந்தது, நல்ல நாளுக்குச் சந்தனம் பூசிப் பூ போட்டார்கள். அது குற்றம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

அமெரிக்கக் காலேஜ் பையன்களும் கிட்டத்தட்ட இதே மனநிலையில்தான் இருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம். கேசட்டில் இருந்து கேசட்டுக்குப் பதிந்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், தரம் குறையும். எம்பி3யில் ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதி மாதிரியே இருக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் முக்கியமான வேலை நடந்த தொழில்நுட்பம் அது. பாட்டின் அளவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. டெலிபோன் லைனில் பாட்டு அனுப்ப முடியும் என்றாகிவிட்டது.

1999 ஜூனில் ஷான் ஃபான்னிங் என்ற, இருபது வயதுகூட ஆகாத பாஸ்டன் காலேஜ் பையன் நாப்ஸ்டரை வெளியிட்டான். என் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை நீ எடுத்துக்கொள், உன்னிடம் இருப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரிடம் இருக்கும். ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி இல்லாமல் ஊரே ரெக்கார்டிங் சென்டர் ஆன மாதிரி. கோடிக்கணக்கான பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இசைக் கம்பெனிகளின் சங்கம் (ஆர்.ஐ.ஏ.ஏ. என்பார்கள்) அந்த டிசம்பரிலேயே வழக்குப் போட்டது. 2000ல் மெட்டாலிகா என்ற ராக் குழுவும் தனியாக வழக்குப் போட்டு, தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயர்ப் பட்டியலை நாப்ஸ்டர் அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தது. நீதிபதி மர்லின் ஹால் படேல் தடை விதித்தார். 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனிகள் பக்கமே நின்றது. ஜூலையில் நாப்ஸ்டர் நின்றுபோனது.

நின்றதும் கூட்டம் அப்படியே கஸா, குரோக்ஸ்டர், லைம்வயர் என்று சிதறியது. இவற்றில் நடுவில் ஒரு பட்டியல் கிடையாது. (கஸாவைக் கொண்டுவந்த செனஸ்ட்ரோமும் ஃபிரீஸும்தான் பிறகு ஸ்கைப் ஆரம்பித்தார்கள்.) வழக்குப் போட நடுவில் ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? இறக்குகிறவன், ஏற்றுகிறவன் மேலேயே போடுவது என்று முடிவெடுத்தார்கள்.

*

இங்கேதான் பேங்க்காரனுக்குப் புரிகிற கணக்கு வருகிறது.

சாதாரணமாக நஷ்டஈடு கேட்டால் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அது தேவையில்லை. சட்டமே ஒரு ரேட் போட்டு வைத்திருக்கிறது. ஒரு படைப்புக்குக் குறைந்தது 750 டாலர், அதிகபட்சம் 30,000. தெரிந்தே செய்திருந்தால் 1,50,000 வரை போகலாம். இந்த ரேட்டை உயர்த்தியது 1999 டிசம்பரில். நாப்ஸ்டர் மேல் வழக்கு விழுந்த அதே மாதம்.

என் ஹார்டு டிஸ்க்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்குப் பாட்டு என்றால், 2,300 பெருக்கல் 750 = 17,25,000 டாலர். இது குறைந்தபட்சம். அதிகபட்சம் போனால் 34.5 கோடி டாலர். எங்கள் கிளையின் மொத்தக் கடனையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம் :-)

2003 ஏப்ரலில் முதலில் நாலு காலேஜ் மாணவர்கள் மேல் வழக்கு. கல்லூரி நெட்வொர்க்குக்குள் பாட்டுத் தேடும் வசதி நடத்தினார்கள் என்று. நாலு பேரும் 12,000 முதல் 17,500 டாலர் வரை கட்டி முடித்துக்கொண்டார்கள்.

அதே வருடம் செப்டம்பர் 8ம் தேதி ஒரே நாளில் 261 பேர் மேல் வழக்கு. அந்தப் பட்டியலில் நியூயார்க்கில் ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வசித்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மறுநாளே அவள் அம்மா 2,000 டாலருக்கு ஒப்புக்கொண்டு முடித்தார். மாஸசூசெட்ஸில் 66 வயதுச் சிற்பி அம்மா ஒருவர் ராப் பாட்டுகளை கஸாவில் பகிர்ந்ததாக வழக்கு. அவரிடம் இருந்ததோ ஆப்பிள் மேக். அதில் கஸா ஓடவே ஓடாது. அந்த வழக்கை வாபஸ் வாங்கினார்கள். இதற்கெல்லாம் உச்சம் 2005 தொடக்கத்தில். மேற்கு வர்ஜீனியாவில் 83 வயதுப் பாட்டி ஒருவர் 700க்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பகிர்ந்ததாக வழக்குப் போட்டார்கள். பாட்டி அதற்கு முந்தைய டிசம்பரிலேயே இறந்துவிட்டார். உயிரோடு இருந்தபோதும் கம்ப்யூட்டர் பக்கம் போனதில்லை என்றார் மகள். அதுவும் வாபஸ்.

ஏன் இப்படித் தவறு நடந்தது? முறை அப்படி. கம்பெனிகள் அமர்த்திய ஆட்கள் கஸாவுக்குள் சாதாரணப் பயனர் போல நுழைவார்கள். ஒருவர் பகிரும் பட்டியலைப் படம் பிடித்து, சில பாட்டுகளை இறக்கிப் பார்த்து, ஐ.பி. முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு இன்டர்நெட் கம்பெனியிடம், அந்த நேரத்தில் அந்த முகவரி யார் பேரில் என்று கேட்பார்கள். கிடைப்பது பில் யார் பேரில் போகிறது என்பது மட்டும். ஏ.டி.எம். பரிவர்த்தனையில் கணக்கு யாருடையது என்று சொல்லிவிடலாம், கார்டைச் சொருகியது கணக்குக்காரரா அவர் மச்சானா என்று பதிவேடு சொல்லாது. அது மாதிரி.

வெரைசான் கம்பெனி, நீதிபதி பார்க்காமலே வெறும் நோட்டீஸில் பெயரைக் கொடு என்கிறீர்களே என்று எதிர்த்து நின்றது. 2003 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஜெயித்தது. அதன் பிறகு கம்பெனிகள் பேர் தெரியாத 'ஜான் டோ'க்கள் மேல் வழக்குப் போட்டு, கோர்ட் உத்தரவு வாங்கிப் பெயரைத் தெரிந்துகொள்ளும் வழிக்கு மாறின. 2004 ஜனவரியில் ஒரே தடவையில் 532 ஜான் டோக்கள்.

*

பெயர் கிடைத்ததும் கடிதம் போகும். கூடவே ஒரு போன் நம்பர். பேசினால் மறுமுனையில் செட்டில்மெண்ட்டுக்கென்றே உட்கார்த்தி வைத்த ஆட்கள். பெரும்பாலும் 3,000லிருந்து 5,000 டாலருக்குள் முடியும். 2007 பிப்ரவரியில் 13 பல்கலைக்கழகங்களுக்கு 400 கடிதங்களை அனுப்பி, உங்கள் மாணவர்களிடம் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். வழக்குக்கு முன்பே கட்டினால் தள்ளுபடி. கிரெடிட் கார்டு போட்டுக் கட்ட ஒரு இணையதளமே வைத்தார்கள். நம்ம பேங்க் ஒன் டைம் செட்டில்மெண்ட் மேளா தோற்றது போங்கள்.

அந்தத் தொகையைக் கவனியுங்கள். வழக்கறிஞர் வைத்துக் கடைசி வரை நடத்தினால் செலவு பல ஆயிரங்களைத் தாண்டும். தோற்றால் லட்சங்கள். கட்டிவிட்டால் 3,000. குற்றம் செய்தவனுக்கும் கட்டுவது லாபம். செய்யாதவனுக்கும் கட்டுவதுதான் லாபம். தொகையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் யார் செய்தது என்ற கேள்வியே எழாது. ஐந்து வருடத்தில் 30,000 பேருக்கும் மேல் இந்த வரிசையில் நின்றார்கள். ஜூரி முன்னால் தீர்ப்பு வரை போனது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

முதலில் போனவர் மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு தாய். 24 பாட்டு. கடையில் வாங்கினால் பாட்டுக்கு 99 சென்ட், மொத்தம் 24 டாலருக்குள் அடங்கும். சில ஆயிரத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மாட்டேன் என்றார். 2007 அக்டோபரில் ஜூரி சொன்ன தொகை 2,22,000 டாலர். ஜூரிக்குத் தான் சொன்ன சட்ட விளக்கத்தில் தவறு இருந்தது என்று நீதிபதி மைக்கேல் டேவிஸே மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே உத்தரவில், வியாபார நோக்கமில்லாத தனி மனிதர்களுக்கு இந்த ரேட் ரொம்ப அதிகம், சட்டத்தைத் திருத்துங்கள் என்று நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டார். 2009 ஜூனில் இரண்டாவது ஜூரி. இந்த முறை 19,20,000 டாலர். அதாவது பாட்டுக்கு 80,000! நீதிபதி அதை 54,000 ஆகக் குறைத்தார். அப்புறம் கம்பெனிகள் 25,000க்கு முடிக்கலாம், அதையும் இசைக் கலைஞர்களுக்கான தர்ம நிதிக்கே தந்துவிடுகிறோம் என்றன. அவர் மறுத்தார். 2010ல் மூன்றாவது ஜூரி 15 லட்சம். நீதிபதி மறுபடி 54,000. 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுற்றிச் சுற்றி முதல் தொகையான 2,22,000க்கே கொண்டுவந்து நிறுத்தியது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது.

இவர் அப்பாவி என்று நான் சொல்லவில்லை. கஸாவில் இருந்த அதே பயனர் பெயரை அவர் வேறு இடங்களிலும் வைத்திருந்தார். ஹார்டு டிஸ்க் வேறு நடுவில் மாற்றப்பட்டிருந்தது. முதல் இரண்டு ஜூரிகளும் நம்பவில்லை. பாஸ்டனில் ஒரு மாணவர் வழக்கும் இப்படித்தான். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெஸ்ஸனே அவருக்காக வாதாடினார். மாணவர் கூண்டில் ஏறி, ஆமாம் நான்தான் இறக்கினேன், முன்பு சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். 2009 ஜூலையில் 30 பாட்டுக்கு 6,75,000 டாலர். நீதிபதி நான்ஸி கெர்ட்னர் பத்தில் ஒன்றாகக் குறைத்தும், மேல்முறையீட்டுக்குப் பிறகு பழைய தொகையே நிலைத்தது.

ஆக, போராடிய குற்றவாளிக்கு வாழ்நாள் கடன். போராடிய நிரபராதிக்கு? அப்படியும் சிலர் இருந்தார்கள். ஓக்லஹோமாவில் ஒரு அம்மா, கனெக்‌ஷன் என் பேரில் என்பதற்காக நான் எப்படிப் பொறுப்பு என்று நின்று, 2007ல் வக்கீல் செலவாக 68,000 டாலருக்கு மேல் கம்பெனியிடமிருந்தே திரும்பப் பெற்றார். ஓரிகனில் உடல்நலம் குன்றிய ஒரு தாய்க்கு 2008ல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. இதற்கு வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள். 30,000 பேரில் எத்தனை பேருக்கு அந்தத் தெம்பு இருக்கும்?

*

இதைப் படிக்கும்போது கம்பெனிகள் மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் என் கதையே ஞாபகம் வந்துவிட்டது.

2008ல் விதர்பாவில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். வாராக்கடன் வசூலுக்கு மேலிருந்து நெருக்கடி. ஒரே வாரத்தில் இருநூறு நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு விவசாயி கவுண்டருக்கு வந்தார். இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று கேட்டார். லெட்ஜரைப் பார்த்தால் ஆள் வேறு! இங்கே பெயருக்கு நடுவில் அப்பா பெயர் வரும், கடைசியில் குடும்பப் பெயர். ஒரே ஊரில் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பேர். அப்பா பெயர் மட்டும் வேறு. கடன் வாங்கினவர் அவர், நோட்டீஸ் போனது இவருக்கு. இவர் மூன்று தவணை கட்டியிருந்தார். ரசீதுகளை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

"வாங்காத கடனுக்கு ஏன் கட்டினீங்க?" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன்.

பேங்கில் இருந்து சீல் வைத்து வந்திருக்கிறதே, அப்பா காலத்துப் பாக்கியாக இருக்கும் என்று நினைத்தேன் சாகேப் என்றார். வக்கீலைப் பார்க்க நாக்பூர் போய் வந்தால் ஒரு தவணையை விடச் செலவு ஜாஸ்தி என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

மேலிடத்துக்கு எழுதி, அனுமதி வாங்கி, பணத்தைத் திருப்பித்தர ஐந்து வாரம் ஆனது. பணத்தை வாங்கி எண்ணாமலே பையில் வைத்தார். பிறகு, உங்களிடம் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்றார். நோ ட்யூஸ் சர்டிபிகேட். கடனே வாங்காதவருக்கு நோ ட்யூஸ் தர எங்கள் மானுவலில் வழி கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நோட்டீஸ் வந்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவருக்குப் பணத்தைவிட அந்தத் தாள்தான் தேவைப்பட்டது.

நான் கெட்ட எண்ணத்தோடு அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போடவில்லை. பேங்குக்கு வரவேண்டிய பணம் நிஜம். இசைக் கம்பெனிகளின் நஷ்டமும் நிஜம். அமெரிக்காவில் 1999ல் 1,400 கோடி டாலரைத் தாண்டி இருந்த பதிவிசை வருமானம் 2014ல் பாதிக்கும் கீழே போயிருந்தது. டவர் ரெக்கார்ட்ஸ் மாதிரிப் பெரிய கடைகள் 2006ல் மூடின. பாட்டெழுதினவர், தபேலா வாசித்தவர், ரெக்கார்டிங் இன்ஜினியர் எல்லோருக்கும் வீட்டு வாடகை உண்டு. ஆனால் கேட்கிற பணம் நிஜம் என்பதால், கேட்கப்படுகிற ஆளும் சரியான ஆள் என்று ஆகிவிடாது. இருநூறு நோட்டீஸை மொத்தமாக அனுப்பும்போது இந்த இரண்டாவது விஷயம்தான் முதலில் கைவிட்டுப் போகிறது.

*

இத்தனை செய்தும் பலன் என்ன? மினசோட்டா வழக்கில் 2007ல் ஒரு பெரிய இசைக் கம்பெனியின் அதிகாரியே கூண்டில் ஏறி, இந்த வழக்குகளால் எங்களுக்கு நஷ்டம்தான் என்று சாட்சி சொன்னார். 2008 டிசம்பரில், இனி தனி மனிதர்கள் மேல் மொத்தமாக வழக்குப் போடமாட்டோம் என்று அறிவித்தார்கள். அப்புறம் இன்டர்நெட் கம்பெனிகள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் திட்டம் 2013ல் தொடங்கி 2017ல் மூடப்பட்டது. மென்பொருள் கம்பெனிகள் மேல் போட்ட வழக்குகள்தான் நின்றன. 2005ல் குரோக்ஸ்டர் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாகத் தோற்றது. லைம்வயர் 2011ல் 10.5 கோடி டாலருக்கு உடன்பட்டது.

ஜனங்களை மாற்றியது கடிதம் இல்லை, கடை. 2003 ஏப்ரலில் ஐட்யூன்ஸ் கடை 99 சென்டுக்கு ஒரு பாட்டு என்று திறந்து, முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டு விற்றது. 2008ல் ஸ்வீடனில் ஸ்பாட்டிஃபை வந்தது, 2011ல் அமெரிக்கா போனது. நமக்கு ஐட்யூன்ஸ் கடை 2012 டிசம்பரில், ஸ்பாட்டிஃபை 2019ல். வாங்குவது திருடுவதை விடச் சுலபம் ஆனபோது என்னைப் போன்ற சோம்பேறிகள் யோக்கியர்கள் ஆனோம்.

இந்தியாவில் தனி ஆளுக்கு இப்படிக் கொத்துக் கொத்தாகக் கடிதம் போகவில்லை. இங்கே ஜான் டோவுக்கு 'அசோக் குமார்' என்று பெயர் வைத்து, இன்டர்நெட் கம்பெனிகள் மேல் உத்தரவு வாங்கினார்கள். 2012ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவில் முழு இணையதளங்களே முடங்க, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று கோர்ட் பிறகு தெளிவுபடுத்தியது. ஜெர்மனியில் கடிதம் நிற்கவில்லை. 2013ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தனி ஆளுக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் கேட்கும் வக்கீல் கூலிக்கு மட்டும் வரம்பு கட்டினார்கள்.

என் நண்பனுக்கு அந்தச் சட்டம் இரண்டு வருடம் தாமதம். மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். இவ்வளவும் படித்துவிட்டு நான் சொன்னது இதுதான்: "கட்டிடு மாப்ள. சண்டை போட்டா செலவு ஜாஸ்தி." விதர்பா விவசாயி வீட்டில் பேசிக்கொண்ட அதே வார்த்தை. அங்கே ஒரு வக்கீலைப் பார்த்து, உறுதிமொழியின் வாசகத்தைக் கொஞ்சம் மாற்றி, நானூறு யூரோவுக்குப் பேசி முடித்தான். கூட இருந்த இரண்டு பேரையும் கேட்டானாம். இரண்டு பேருமே நான் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது நின்றுபோய், ஆறு மாதத்தில் ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டார்கள். இறக்கியது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கடிதம் அனுப்பியவர்களுக்கும் தெரியாது.

என் பொண்ணுக்கு ராத்திரி சாப்பாட்டின்போது பதில் சொன்னேன். ஆமாம்மா, திருட்டுதான், அப்போது அப்படித் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்று. "இப்ப என்ன செய்யப்போறீங்க?" என்றாள். மாதச் சந்தா கட்டித்தான் கேட்கிறேன் என்றேன். அது இப்போதைக்கு, பழைய 2,300க்கு என்றாள். பதில் இல்லை. அதற்கு நோ ட்யூஸ் எந்தக் கவுண்டரில் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பி.கு. 1: நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். உங்களுக்கு இப்படிக் கடிதம் வந்தால் என் பதிவைக் காட்டாதீர்கள், வக்கீலைப் பாருங்கள் :-)

பி.கு. 2: இப்போதும் நோட்டீஸ்களில் கையெழுத்துப் போடுகிறேன், அது வேலை. ஆனால் அப்பா பெயரையும் லெட்ஜரையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான். இருநூறுக்கு மூன்று நாள் ஆகிறது. ஆகட்டும்.